வெளிப்பூட்டு

இரும்பை இரும்பு நக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம். கிரீச்சென்றும் சொல்ல முடியாது, டக்கென்றும் சொல்ல முடியாது. ராத்திரித் தொழுகைக்கு இஷா பாங்கு சொல்லி முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பாடக்குறிப்பு நோட்டில் 'அக்பர் செய்த சீர்திருத்தங்கள்' என்று எழுதிவிட்டு அடியில் கோடு போட ஸ்கேலை வைத்த நிலோஃபருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மறுபடி வருகிறதா என்று காதைக் கொடுத்தாள். இல்லை. பக்கத்து மனையில் கொட்டிக் கிடக்கும் ஜல்லி மேல் நாய் ஏறினால் சரசரவென்று கேட்கும், அதுவும் இல்லை. வாசல் கதவில் தொங்கும் பூட்டுதான் காற்றுக்கு ஆடியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சொன்ன வாயோடு, அந்தப் பூட்டு எப்படி ஆடும் என்றும் தோன்றியது. அரைக் கிலோ கனம். திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்த அவள் புருஷன் ஷாஜகான், தெரிந்த பட்டறையில் சொல்லிவைத்து கள்ளச்சாவிக்கு மசியாதபடி உள்ளே எட்டு லீவர் போட்டுச் செய்து வாங்கி வந்தது. புயலடித்தாலும் அசையாது. அதன் சாவி இப்போது பஸ் ஷெட்டில், எண்ணெய்ப் பிசுக்கேறிய அவன் பேன்ட் பாக்கெட்டில் இருக்கிறது. அவன் தனியார் பஸ் கம்பெனியில் மெக்கானிக். பகலெல்லாம் பஸ் ரோட்டில் ஓடும், ராத்திரிதான் சக்கரத்தைக் கழற்ற முடியும். அதனால் சாயங்காலம் ஏழுக்குப் போனால் விடிகாலை ஐந்துக்குத்தான் வருவான். போகும்போது நிலோஃபரையும் மூன்று வயது மின்ஹாவையும் உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவான். ஐப்பசியிலிருந்து இப்படி. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி எவனோ கதவைத் தட்டினான். ஷாஜகான் இருக்காரா என்று கேட்டான், இல்லையென்றதும் குடிக்கத் தண்ணி கேட்டான், கதவைத் திறக்க மாட்டேன் என்றதும் போகாமல் கால்மணி நேரம் நின்றான். பிறகு போய்விட்டான். ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காததுதான் வீட்டுக்குள் குடிவந்து, இன்னும் காலி பண்ணாமல் இருக்கிறது. அடுத்த வாரமே ஷாஜகான் பூட்டோடு வந்தான். பூட்டுத் தொங்கினால் ஆள் இல்லையென்று எவனும் தட்ட மாட்டான், முன் ரூமில் லைட் போடாதே, டிவி வேண்டாம், மிக்ஸி வேண்டாம், பிள்ளையைச் சத்தம் போட விடாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். தீப்பிடித்தால் என்ன செய்ய என்று கேட்டாள். "உனக்கு நல்லதே நெனைக்க வராதா நிலோ?" என்றான், கண் கலங்கியிருந்தது. மோசமானவன் என்றால் சண்டை போடலாம். தன்னைவிட அதிகமாகப் பயந்துபோனவனோடு எப்படிப் போடுவது?

கோட்டைப் போட்டு முடித்தாள். பின் ரூமில் சன்னலுக்குப் போர்வை கட்டி, மேஜை விளக்கைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டுதான் எழுத்து. நாளைக்கு மூன்றாவது பீரியடில் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில் ஹெட்மிஸ்ட்ரஸும் தாளாளரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவள் பாடம் எடுப்பதைப் பார்க்கப் போகிறார்கள். பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரே ஒரு குறைதான் சொல்லியிருந்தார், எல்லாம் நல்லாத்தான் எடுக்குறீங்க, மூணாவது பெஞ்சுக்கு அப்புறம் கேக்க மாட்டேங்குது என்று. ஸ்டாஃப் ரூமில் கமலவேணி மிஸ் சும்மா இருப்பாளா, தாத்தா பாடத்தைப் பேரன் பொண்டாட்டி எடுக்குறா, எப்படியும் பாஸ்தான் என்றாள்; அக்பரின் பேரன் ஷாஜகான் என்பது ஞாபகம் வர எல்லோருக்கும் ஒரு நொடி ஆனது, பிறகு டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். நிலோஃபரும் சிரித்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டில்லிக்கும் நமக்கும் என்னத்தா சம்பந்தம் என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டதற்கு அத்தா, ஒண்ணும் கிடையாது, நம்ம ராவுத்தர்மாரு குதிரை பழக்குனவங்க, அவுக குதிரையில ஏறுனவங்க, என்று சொல்லிவிட்டு சைக்கிள் டியூபைத் தண்ணிக்குள் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தாவின் சைக்கிள் கடை கீழே, வீடு மேலே. கான்வென்ட் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் அவள் மாடியில் உட்கார்ந்து வரலாற்றுப் புத்தகத்தைப் படிப்பாள். பம்ப் அடிக்கிற சத்தம் நின்றுவிடும். "சத்தமா படிம்மா, கடைக்குக் கேக்கலை" என்பார். பஞ்சருக்கு வந்தவர்களும் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேரில் அவள் ஒருத்திதான் முஸ்லிம். அக்பர் பாடம் வரும் அன்று சிஸ்டர் பெர்னதெத் அவளைத்தான் எழுந்து வாசிக்கச் சொல்வார். பதின்மூன்று வயதில், வெட்டவெளியில் செங்கல் மேடை போட்டு முடி சூட்டினார்கள். போரில் பிடிபட்டவர்களின் பெண்டு பிள்ளைகளை அடிமையாக விற்கக் கூடாது என்றார். இந்துக்கள் யாத்திரை போகக் கட்டிய வரியை எடுத்துவிட்டார், முஸ்லிம் அல்லாதவர்கள் கட்டிய ஜிஸியா வரியையும் எடுத்துவிட்டார். அந்த இடத்தை வாசிக்கும்போது வரியைத் தானே எடுத்துவிட்ட மாதிரி அவளுக்குத் தோள் நிமிரும். சிஸ்டருக்கோ வேறு பெருமை. நம்ம ஃபாதர்ஸைத்தான் கோவாவிலிருந்து கூப்பிட்டனுப்பினார், வேதாகமத்தை வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டார் என்று, தானே அவர்களுக்குப் பெட்டி கட்டி அனுப்பிய மாதிரி சொல்வார். ஒரே ராஜா மேல் இரண்டு பேருக்கும் இரண்டு விதமான சொந்தம். மூன்று பாடம் தாண்டி ஔரங்கசீப் வருவார். அன்றைக்கு நாற்பத்தேழு தலைகளும் திரும்பி அவளைப் பார்க்கும், ஜிஸியாவை அவள்தான் திரும்பக் கொண்டுவந்தது போல. இரண்டு வருஷம் அந்தப் பாடத்துக்கு அவளுக்கு வயிற்றுவலி வந்தது. மூன்றாவது வருஷம் வலி வரவில்லை. எழுந்து நின்று, சிஸ்டர், இதையும் நானே வாசிக்கிறேன் என்றாள். அந்தப் பெண் எங்கே போனாள்? மூன்றாவது பெஞ்சைத் தாண்டாத இந்தக் குரலை யார் கொண்டுவந்து இவள் தொண்டைக்குள் வைத்தார்கள்?

எழுது. நேரமாகிறது. பெண் பிள்ளைக்குப் பதினாலு வயதாகாமல் நிக்காஹ் கூடாது என்றார். விதவை மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்றார். ஒரு ராஜபுத்திர விதவையைச் சிதையில் ஏற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆளனுப்பாமல் தானே குதிரையேறிப் போய் நிறுத்தினார்; அதை எழுதும்போது பேனா தானாக ஓடியது, அந்தக் குதிரையைப் பழக்கியது யாரோ எங்கள் ஆள்தான் என்று மனசு ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ராஜா. தினமும் ஒருவர் புத்தகம் வாசிக்க இவர் கேட்பார், நிறுத்திய இடத்தில் தன் கையாலேயே ஒரு அடையாளம் போடுவார். இதை நாளைக்குச் சொன்னால் கடைசி பெஞ்சில் பெயிலாகும் பிள்ளைகளுக்கு முகம் மலரும். எல்லாம் எழுதியாயிற்று. ஆனால் ஒன்று பாக்கி, அது பாடப்புத்தகத்தில் இல்லை, கான்வென்ட் லைப்ரரியில் அட்டை கிழிந்த தடிப் புத்தகத்தில் படித்தது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் முந்தானையில் முள் மாதிரி இழுக்கிறது. மனிதனுக்கு இயற்கையான பாஷை எது என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. சும்மா இருப்பவர் இல்லையே. பால்குடிக் குழந்தைகளைக் கொண்டுவந்து, ஜனங்கள் இல்லாத இடத்தில் ஒரு மாளிகை கட்டி, பேசவே பேசாத தாதிகளை வைத்து, வாசலில் காவலும் போட்டார். ஒரு சொல்லும் அந்தக் காதுகளில் விழக் கூடாது. நாலு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தார். குழந்தைகள் அரபியும் பேசவில்லை, சமஸ்கிருதமும் பேசவில்லை. ஊமைகள் எழுப்புகிற ஓசை தவிர ஒன்றும் வரவில்லை. ஊமை மாளிகை என்று அதற்குப் பேரே ஆகிவிட்டது. முதலில் படித்தபோது அவளுக்கு வயது பதினாலு. அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிட்டாள், சொந்தக்காரர் செய்த காரியத்தைப் பிறர் முன்னால் கேட்கிற மாதிரி இருந்தது. இப்போது வேறு மாதிரி இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை மின்ஹாவின் ப்ளே ஸ்கூல் மிஸ் கூப்பிட்டனுப்பினாள். மற்றப் பிள்ளைகள் ரைம்ஸைக் கத்திச் சொல்கின்றன, மின்ஹாவுக்கு வாய் மட்டும் அசைகிறது. சரி, இன்னும் பேச்சு வரவில்லையோ என்று கிட்டே போய்க் குனிந்தால், முழுப் பாட்டையும் ஒரு வரி பிசகாமல் சொல்கிறாள், ரகசியம் சொல்கிற மாதிரி, மூச்சுக்காற்றில். அந்த மிஸ் நல்ல பெண், குறையாகச் சொல்லவில்லை. "வீட்ல யாருக்காச்சும் ரொம்ப உடம்பு முடியலையா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். இல்லையே என்று சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் வரும்போதுதான் தெரிந்தது, அந்த 'இல்லையே'யைத் தானும் மூச்சுக்காற்றில்தான் சொன்னோம் என்று. இந்த வீட்டுக்கு யார் காவல், யார் தாதி, யார் பிள்ளை? ராஜாவாவது ஒரு கேள்விக்கு விடை தேடி மாளிகை கட்டினார். நாங்கள் எதற்காகக் கட்டினோம்?

அப்போது மறுபடி கேட்டது. இந்த முறை இரும்பு நக்கிப் பார்க்கவில்லை, கடித்தது. பூட்டின் வளையத்துக்குள் எதையோ விட்டு நெம்புகிறார்கள். நிறுத்தி, கேட்டு, மறுபடி நெம்புகிறார்கள். ஜல்லியில் ஒரு கால் மாற்றி வைக்கும் சத்தமும் வந்தது. விளக்கை அணைத்தாள். அணைத்த பிறகுதான், ஐயோ, அணைத்திருக்கக் கூடாது என்று பட்டது. பேப்பரில் வாரம் ஒரு தடவையாவது வருகிற வரி கண்ணுக்குள் ஓடியது: பூட்டிக் கிடந்த வீட்டில் கைவரிசை. பூட்டிக் கிடந்த வீடு. ஊருக்கு வெளியே, பதினாறு மனையில் ஐந்தே வீடு எழும்பியிருக்கும் நகரில், ஏழு மணிக்கே இருட்டாகி, பூட்டுத் தொங்கி, சத்தமில்லாமல் கிடக்கும் வீடு. கதவைத் தட்டுகிறவனுக்குப் பயந்து, தட்டாமல் வருகிறவனுக்கு அல்லவா வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறோம். அவனுக்கு நான் இருப்பது தெரியாது. தெரியாத வரைக்கும் உடைப்பான். உடைத்து உள்ளே வந்து பார்த்தபிறகு? அந்த நினைப்பு ஓர் அடி எடுத்து வைத்து நின்றுகொண்டது, அதற்கு மேல் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஷாஜகானுக்குப் போன் போட்டாள். மணி போனது. போன் இருக்கும் சட்டை ஆணியில் தொங்கும், அவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பான், பக்கத்தில் எவனாவது எஞ்சினை முடுக்கிக்கொண்டிருப்பான். இரண்டாவது தடவையும் மணி போய் முடிந்தது. அவசர எண்ணை அழுத்தினாள். உடனே எடுத்தார்கள். சொன்னாள். வீடு, பூட்டு, பிள்ளை, தனியா இருக்கேன், எல்லாம் சொன்னாள். "கேக்கலைம்மா, சத்தமா பேசுங்க" என்றது அந்தப் பக்கக் குரல், பொறுமையாகத்தான். மறுபடி சொன்னாள். வாய் அசைந்தது, காற்று வந்தது. ஹலோ, லைன்ல இருக்கீங்களா, எந்த ஏரியா என்று அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே இருப்பவனுக்குக் கேட்டுவிடுமோ என்று அவள் கட்டைவிரல் போனை அணைத்துவிட்டது. இத்தனை மாசத்தில் தொண்டை தன் வேலையை மறந்துபோயிருந்தது. நாலு வருஷம்கூட வேண்டாம் போலிருக்கிறது, நாலு மாசம் போதும்.

கட்டிலில் மின்ஹா எழுந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. இருட்டில் தவழ்ந்து வந்து, அம்மாவின் முகத்தைத் தடவித் தேடி, தன் சின்ன ஆள்காட்டி விரலை அவள் உதட்டின் மேல் வைத்தாள். "ஷ்ஷ்" என்றாள். பிறகு மூச்சுக்காற்றில், "பேசக் கூடாதும்மா, யாரும் இல்லல்ல" என்றாள். யாரும் இல்லை. வெளியே யாரும் இல்லை என்று அவள் சொல்லவில்லை. உள்ளே யாரும் இல்லை என்கிறாள். இந்த வீட்டில் யாரும் இல்லை, நானும் இல்லை, நீயும் இல்லை, அதுதானே தினம் சொல்லிக்கொடுத்த பாடம், பிள்ளை நன்றாகப் படித்திருக்கிறது. நிலோஃபருக்குள் இருந்த பயம் புரண்டு, அதன் மறுபக்கம் மேலே வந்துவிட்டது. அந்த விரல் இன்னும் உதட்டின் மேல், பால் பிஸ்கட் வாசனையோடு, பாக்குக்கொட்டை அளவு கனம்கூட இல்லாமல். எட்டு லீவர் பூட்டைவிட இதைத் திறப்பதுதான் கஷ்டம் என்று இருந்தது. ராஜாவே ஒரு காரியம் செய்வாரே. சிஸ்டர் அதை நடித்துக்காட்டுவார், டெஸ்க் மேல் ஏறாத குறையாக. தினம் விடியும்போது கோட்டை மாடத்துக்கு வந்து கீழே கூடியிருக்கும் ஜனங்களுக்கு முகம் காட்டுவார். உடம்பு சரியில்லாவிட்டாலும் வந்து நிற்க வேண்டும். அந்த முகத்தைப் பார்க்காமல் சிலர் வாயில் தண்ணீர்கூட விட மாட்டார்களாம். எவ்வளவு படை, எவ்வளவு யானை இருந்தும் ஒரு நாளின் முதல் வேலை, நான் இருக்கிறேன் என்று காட்டுவது. வெளியே இரும்பு மறுபடி முனகியது. நிலோஃபர் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். முன் ரூமுக்கு நடந்தாள். டியூப் லைட் சுவிட்சைப் போட்டாள். வாசல் லைட்டைப் போட்டாள். நாலு மாசமாகத் திறக்காத முன் சன்னலின் கொக்கியை எடுத்து இரண்டு கதவையும் விரியத் தள்ளினாள், கம்பிக்கு இந்தப் பக்கம் நேராக நின்றாள், பிள்ளையோடு, வெளிச்சத்தில், முகம் முழுக்கத் தெரிய. என்ன சொல்வது? திருடன் என்று கத்தலாம். அது வரவில்லை. வந்தது வேறு.

"செவன்த் பி, எல்லாரும் நிமிர்ந்து உக்காருங்க."

குரல் உடைந்து, கரகரத்து, பாதியில் கீச்சென்று போய், பிறகு பிடித்துக்கொண்டது. கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் செத்த மாதிரி நின்றது. இன்னைக்கு நாம பார்க்கப்போற பாடம் அக்பர், என்றாள். மூன்றாவது பெஞ்சைத் தாண்டியது. ஐந்தாவது பெஞ்சைத் தாண்டியது, ஜல்லிக் குவியலைத் தாண்டியது. பதிமூணு வயசுப் பையனைச் செங்கல் மேடையில உக்கார வச்சு முடி சூட்டுனாங்க. அப்போது ஏதோ இரும்பு கீழே விழுந்தது, ஜல்லி இரைந்தது, ஒரு ஜோடிக் கால் இல்லை, இரண்டு ஜோடி, காம்பவுண்ட் பக்கம் ஓடித் தாண்டிக் குதித்து, தூரத்தில் ஒரு பைக் இரண்டு உதையில் கிளம்பியது. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது. அது மட்டும் இல்லை, நிறுத்த மனசும் இல்லை. வரிகளை நீக்கினார் என்றாள், அடிமையாக்கக் கூடாது என்றார் என்றாள், படிக்கத் தெரியாதவர் இருபதாயிரம் புத்தகத்துக்கு மேல் சேர்த்தார் என்றாள், ஒவ்வொன்றும் தொண்டையைக் கீறிக்கொண்டு வந்தது, தோள் நிமிர்ந்தது. கீழே அத்தா பம்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாடக்குறிப்பில் எழுதாததும் தானாக வந்துவிட்டது. "இவ்வளவும் செஞ்சவரு ஒரு பெரிய தப்பும் பண்ணுனாரு. பிள்ளைகளைப் பேச்சில்லாம அடைச்சு வச்சாரு. ஆனா அவரே போய்ப் பார்த்தாரு. அதனாலதான் நமக்குத் தெரியுது, பேச்சைக் கேக்காத பிள்ளைக்குப் பேச்சு வராதுன்னு." சொல்லி முடித்ததும், இதை நாளைக்குத் தாளாளர் முன்னாலும் சொல்லலாம், சொந்தக்காரர் என்றால் முழுசாகத்தான் சொந்தம் என்று தோன்றியது. ஔரங்கசீப்பையும் நானே வாசிக்கிறேன் என்றவள்தானே. பழக்கத்தில் கேள்வியும் கேட்டாள். ஜிஸியா வரியை நீக்கினவர் யாரு? ஒரு வாரமாகப் பக்கத்தில் உட்கார்ந்து இவள் முணுமுணுத்துப் பாடம் தயாரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த மின்ஹா, அம்மாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சன்னலைப் பார்த்து, "அக்பர்" என்றாள். சொல்லிவிட்டுத் தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். பிறகு பிடித்துப்போய்விட்டது போல, அக்பர், அக்பர், அக்பர் என்று வீடே இரைய ஆரம்பித்தாள். நாலு மனை தள்ளி லைட் எரிந்தது. சரோஜினி அக்கா மொட்டை மாடிக்கு வந்து, டார்ச்சை அடித்து, "யாருங்க அங்க? டீச்சரா?" என்று கூவினாள். "வீட்லயா இருக்கீங்க? நாங்க இத்தனை நாளும் பொழுது சாஞ்சா நீங்க அம்மா வீட்டுக்குப் போயிடுறீங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கோம்!"

"இருக்கோம்க்கா" என்றாள் நிலோஃபர். போதவில்லை என்று பட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு தடவை, தெருவுக்கே சொன்னாள். "நாங்க இருக்கோம்."

எவனோ பூட்டை நெம்பினான், ஓடிட்டான் என்றும் சொன்னாள். அக்காவின் வீட்டுக்காரர் பனியனோடு டார்ச் எடுத்து வந்து பார்த்தார். பூட்டு அப்படியே இருந்தது, கீறல் மட்டும்தான், கீழே ஒரு கடப்பாரைத் துண்டு கிடந்தது. போலீசுக்கு அவரே போன் போட்டுச் சொன்னார், விடிந்ததும் வருகிறோம் என்றார்கள்; சரோஜினி அக்கா வெளியே லைட்டை அணைக்காமல் விட்டு மாடியிலேயே நின்றாள். என்னம்மா இது, உள்ள ஆளை வச்சு வெளியில பூட்டுறதா என்று கேட்க வந்தவர், கேட்காமல் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அவர் போனபிறகு நிலோஃபர் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தாள். தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. வெளிப்பூட்டு வந்த நாளிலிருந்து போட்டதில்லை. போட்டால் விடிகாலையில் அவன் வந்து அவளை எழுப்ப வேண்டும், தூக்கம் கெடும் என்று அவன்தான் வேண்டாம் என்றான். அதற்குப் பிறகு கதவுக்கு அடித்த பச்சை பெயின்ட் அதன் மேலும் வழிந்து உறைந்திருந்தது. தள்ளினாள், அசையவில்லை. தேங்காயெண்ணெய் விட்டாள், முந்தானையைச் சுற்றித் தள்ளினாள், விரல் நகம் ஒன்று மடங்கியது. அடுப்படியிலிருந்து பூரிக்கட்டையை எடுத்து வந்து ஒரு தட்டுத் தட்டினாள். பெயின்ட் பொருக்குத் தெறித்தது. "இன்னொண்ணும்மா" என்றாள் மின்ஹா, சத்தமாக. ஐந்து மணிக்கு ஷாஜகான் வருவான். எட்டு லீவரும் திறக்கும், கதவு திறக்காது. பாவம், பதறிப்போவான். தட்டட்டும். நிலோ என்று நாலு வீடு கேட்கக் கூப்பிடட்டும். முதலில் சன்னலில் போய் நின்று முகத்தைக் காட்டிவிட்டு, அப்புறம் திறக்கலாம். இன்னொரு தட்டு. தாழ்ப்பாள் அரை அங்குலம் நகர்ந்து, யோசித்து, பிறகு சட்டென்று வழி விட்டது. கட்டையைக் கீழே போட்டுவிட்டு, பிள்ளையின் கையையும் எடுத்து அதன் மேல் வைத்து, இரண்டு பேருமாகச் சேர்த்துத் தள்ளினார்கள். நிலைக்குழிக்குள் அது கடைசிவரை போய், டங்கென்று உட்கார்ந்தது.